ஐ வாக் த லைன் (ஜானி கேஷ் பாடல்)

ஐ வாக் த லைன் (1956) அமெரிக்க கண்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் எழுதி, இசையமைத்துப் பாடிய பாடல். ஏப்ரல் 2, 1956 அன்று மெம்பிஸ் நகரில் உள்ள சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் கூடத்தில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. தயாரிப்பாளர் சாம் பிலிப்ஸ். பாடலின் நீளம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பில்போர்ட் இதழின் கண்ட்ரி பட்டியலில் கேஷுக்கு முதலிடம் பெற்றுத் தந்த முதல் பாடல் இதுவே. பாப் பட்டியலிலும் முதல் இருபது இடங்களுக்குள் வந்தது. 2014-ல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட நூறு சிறந்த கண்ட்ரி பாடல்களின் வரிசையில் முதலிடத்தில் இப்பாடல் வைக்கப்பட்டது.

தலைப்பை 'கோடு தாண்டாமல் நடக்கிறேன்' என்று தமிழில் சொல்லலாம். ஊர் ஊராகச் சென்று பாடும் ஓர் இளம் கணவன் வீட்டில் இருக்கும் மனைவிக்குத் தரும் வாக்குறுதி இது. மனம் வழுவாமல் காவல் காப்பதாக அவன் சொல்கிறான். எளிய சொற்கள், ஒரே கருத்து, கதை என்று எதுவும் இல்லை. எழுதிப் படித்தால் வாழ்த்து அட்டையில் அச்சிடத்தக்க வரிகள் என்றே தோன்றும். பாடலை நிலைநிறுத்துவது அதன் இசை. அந்த இசை, சொற்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் இப்பாடலின் தனித்தன்மை.

வானொலி வழியாகவும் வீட்டில் இருந்த இசைத்தட்டு வழியாகவும் இப்பாடலைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த தலைமுறைகள் அமெரிக்காவில் உண்டு. குழந்தைக்குத் தாம்பத்தியமும் தெரியாது, சத்தியத்தின் பாரமும் தெரியாது. அதன் காதில் விழுபவை மூன்று: ரயில் ஓடுவது போன்ற தாளம், ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் வாய்மூடி எழுப்பப்படும் ஒரு முனகல், கடைசியில் தரைக்குக் கீழே இறங்கிவிடும் குரல். சொற்களை விட்டுவிட்டு இம்மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் குழந்தையின் கேட்பு முறை தவறானதல்ல. பாடலின் உண்மையான பொருள் அம்மூன்றில்தான் இருக்கிறது.

தோற்றம்

கேஷ் 1932-ல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் பருத்தி விவசாயம் செய்தது. கார்ட்டர் குடும்பத்தினர், ஜிம்மி ராட்ஜர்ஸ் ஆகியோரின் பாடல்களை வானொலியில் கேட்டு வளர்ந்தார். 1950-ல் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து, மேற்கு ஜெர்மனியின் லான்ட்ஸ்பெர்க் முகாமுக்கு அனுப்பப்பட்டார். சோவியத் ராணுவத்தின் மோர்ஸ் தந்திச் செய்திகளை இடைமறித்துக் கேட்டு எழுதுவது அங்கே அவருடைய வேலை. நாள் முழுக்க இரைச்சலுக்குள்ளிருந்து 'டக் டக்' ஒலியைப் பிரித்தெடுத்த காது அது.

அங்கே அவர் ஓர் ஒலிநாடாப் பதிவுக்கருவி வாங்கினார். ஒரு நாள் வேலை முடிந்து அறைக்கு வந்து அதை ஓடவிட்டபோது, இதுவரை கேட்டிராத கிட்டார் ஒலி ஒன்று வந்தது. சுரங்கள் அடியிலிருந்து பெருகி மேலே வந்து திடீரென அறுந்தன. தேவாலய இசை போலவும் இருந்தது, அச்சமூட்டுவதாகவும் இருந்தது. யாரோ கருவியை எடுத்துப் பயன்படுத்தி நாடாவைத் தலைகீழாகச் சுற்றி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அந்தப் பின்னோக்கிய ஒலி மனதில் தங்கிவிட்டது என்றும், இப்பாடலின் மெட்டு அதிலிருந்து பிறந்தது என்றும் கேஷ் சொல்லியிருக்கிறார்.

1954-ல் விவியன் லிபர்ட்டோவை மணந்தார். ஜெர்மனியில் இருந்த மூன்று ஆண்டுகளும் இருவரும் கடிதங்கள் வழியாகவே காதலித்தனர். 1955-ல் மூத்த மகள் ரோசேன் பிறந்தார். அதே ஆண்டில் கேஷின் முதல் இசைத்தட்டு வெளிவர, அவர் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராகப் பாடச் சென்றார். ரசிகைகள் சூழும் மேடை வாழ்க்கை விவியனுக்குக் கவலை அளித்தது. அந்தக் கவலைக்குப் பதிலாக எழுதப்பட்ட பாடல் இது. முதலில் வேறு தலைப்பு வைத்திருந்தார். இப்போதைய தலைப்பைப் பரிந்துரைத்தவர் சக பாடகர் கார்ல் பெர்கின்ஸ்.

கேஷ் இதை மெதுவான பாடலாகவே கற்பனை செய்திருந்தார். வேகமாக ஒருமுறை பாடச் சொன்னவர் சாம் பிலிப்ஸ். அந்த வேகமான பதிவே வெளியிடப்பட்டது. ஃபுளோரிடாவில் இருந்தபோது அதை வானொலியில் கேட்ட கேஷ், இனி இந்தத் தட்டை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று பிலிப்ஸைத் தொலைபேசியில் கெஞ்சினார். தயாரிப்பாளரின் முடிவே சரி. மெதுவாகப் பாடியிருந்தால் சத்தியம் கனத்து, பிரார்த்தனைப் பாடலாகியிருக்கும். வேகம் வந்தபின் வேலைக்குக் கிளம்பிய ஒருவன் நடந்துகொண்டே சொல்லும் பேச்சாகிவிட்டது.

தாளம்

ஒலிப்பதிவில் மூன்றே இசைக்கருவிகள். கேஷின் கையில் சாதாரண கிட்டார், லூதர் பெர்கின்ஸிடம் மின்கிட்டார், மார்ஷல் கிரான்டிடம் நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸ். பெர்கின்ஸும் கிரான்டும் மெம்பிஸில் கார் மெக்கானிக்குகளாக வேலை பார்த்தவர்கள். (லூதர் பெர்கின்ஸ், தலைப்பைத் தந்த கார்ல் பெர்கின்ஸின் உறவினர் அல்ல.) தேர்ந்த வாசிப்பாளர்கள் என்று இருவரையும் சொல்ல முடியாது. பெர்கின்ஸ் உள்ளங்கையால் தந்திகளை அமுக்கி, கீழ்த்தந்திகளில் ஒற்றைச் சுரங்களாக வாசித்தார். விரைவான வாசிப்பு அவருக்கு வராது. அந்தப் போதாமையிலிருந்துதான் 'பூம்-சிக்கா-பூம்' என்று பெயர் பெற்ற கேஷ் குழுவின் நடை உருவானது. பின்னாளில் பெரிய வித்வான்கள் அதை வாசிக்க முயன்றபோது தேவைக்கு அதிகமாகவே வாசித்தார்கள்.

இப்பதிவில் டிரம்ஸ் இல்லை. அக்காலக் கண்ட்ரி இசையில் டிரம்ஸ் வழக்கமில்லை. ஆனால் கேஷுக்கு ஸ்னேர் டிரம்மின் ஒலி பிடிக்கும். ஒரு காகிதத் துண்டை மடித்து கிட்டார் தந்திகளுக்கிடையே செருகிக்கொண்டார். தந்தி நாதம் எழுப்பாமல் 'சிக்' என்று உலர்ந்த ஓசை மட்டும் தந்தது. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் நூல் வைப்பது தமிழ்நாட்டு இசைக் கேட்பாளர்களுக்குத் தெரியும். அங்கே நூல் நாதத்தை உயிர்ப்பித்து நீட்டுகிறது. இங்கே காகிதம் நாதத்தை முளையிலேயே நிறுத்துகிறது. ஒரு சுரமும் நீடித்து இனிமை சேர்க்க அனுமதி இல்லை. இப்பாடலின் கட்டுப்பாடு என்ற உணர்வு முதலில் இந்தக் காகிதத்தில் தொடங்குகிறது. தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் ஒருவனைப் பற்றிய பாடலில் வாத்தியங்களும் அடக்கி வாசிக்கின்றன.

தாளத்தைச் சரக்கு ரயிலுக்கு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை சரிதான், ஆனால் அதில் ஒரு முரண் உண்டு. ரயில் தண்டவாளத்தை விட்டு விலகாது, ஆனால் வீட்டை விட்டு விலகிக்கொண்டே இருக்கும்.

சுருதி மாற்றம்

பாடலில் ஐந்து சரணங்கள். தனியாகப் பல்லவி கிடையாது. ஒவ்வொரு சரணத்தின் நான்காவது வரி தலைப்பைச் சொல்லி முடிவதால், அதுவே பல்லவியின் வேலையைச் செய்கிறது.

ஒரு சரணத்துக்குள் நிகழ்வது மிக எளியது. முதல் இரண்டு வரிகளும் பஞ்சமத்தை அடிப்படையாகக் கொண்ட கார்டில் தொடங்கி ஷட்ஜத்தின் கார்டில் வந்து முடிகின்றன. மூன்றாவது வரி மத்யமத்தின் கார்டில் தொடங்கி அதே இடத்துக்கு வருகிறது. நான்காவது வரி மீண்டும் பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு. கவனிக்க வேண்டியது, எந்த வரியும் ஷட்ஜத்தில் தொடங்குவதில்லை என்பது. பெரும்பாலான கண்ட்ரி பாடல்கள் வீட்டில் தொடங்கி, வெளியே போய், வீடு திரும்பும். இப்பாடலில் ஒவ்வொரு வரியும் தொடங்கும்போதே வெளியில் நிற்கிறது. நான்கு வரியில் நான்கு முறை வீடு திரும்புகிறான். மனைவிக்கு எழுதிய பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இருக்க முடியாது.

அதற்குப் பின் வருவதுதான் அரிதானது. சரணம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஆதார சுருதியே மாறிவிடுகிறது. கிட்டார் வாசிப்பவர்களின் கணக்கில் முதல் சரணம் ஈ, இரண்டாவது ஏ, மூன்றாவது டி, நான்காவது மீண்டும் ஏ, ஐந்தாவது மீண்டும் ஈ. ஒவ்வொரு முறையும் பழைய சுருதியின் மத்யமம் புதிய ஷட்ஜமாகிறது. பிறகு வந்த வழியே படிப்படியாகத் திரும்புகிறது. கர்நாடக இசைக் கச்சேரிகளில் செஞ்சுருட்டி, குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்களைப் பாடும்போது தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கி, அந்த மத்யமத்தையே ஷட்ஜமாகக் கொள்ளும் முறையை மத்யம சுருதி என்பர். இப்பாடலின் முதல் நகர்வு ஏறத்தாழ அதுவே. அதே செயலை இன்னொருமுறை செய்து, பின் இரண்டு படிகளையும் அவிழ்ப்பது போல எண்ணிக்கொள்ளலாம். (இது கிரகபேதம் அல்ல. கிரகபேதத்தில் சுரங்கள் அப்படியே இருக்க, ஆதாரம் மட்டும் நகரும். இங்கே மெட்டு முழுவதும் ஆதாரத்தோடு சேர்ந்து இடம்பெயர்கிறது.)

சுருதி மாற்றம் மேலைநாட்டு வெகுஜன இசையில் புதியதல்ல. பாட்டின் கடைசியில் அரைச்சுரமோ ஒரு சுரமோ உயர்த்தி உற்சாகம் ஏற்றுவது பல பாடகர்களின் உத்தி. அது பெரும்பாலும் தேய்ந்த உத்தி. கேஷ் அதைச் செய்யவில்லை. உச்சத்தை நோக்கி ஏறும் நோக்கமே அவருக்கு இல்லை. இரண்டு படி விலகிச் சென்று, அதே இரண்டு படி வழியாகத் திரும்புகிறார். தலைகீழாக ஓடிய நாடாவின் நினைவு மெட்டில் இருப்பதாக அவர் சொன்னார். பாடலின் மொத்த வடிவமும் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றே போல இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். கேட்பவருக்கு அந்த ஒற்றுமை ஒலிக்கத்தான் செய்கிறது.

இப்போது சொற்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அசையவே மாட்டேன் என்பது வாக்குறுதி. அந்த வாக்குறுதியை ஏந்தி நிற்கும் நிலமோ, அறுபது நொடிகூட ஒரே இடத்தில் நிற்கவில்லை.

முனகல்

சுருதி மாறும் இடங்களில் பெர்கின்ஸின் கீழ்த்தந்திகள் சில சுரங்களில் நடந்து புதிய ஷட்ஜத்துக்கு வழி காட்டுகின்றன. அங்கே கேஷ் வாயை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தை முனகுகிறார். பிறகே பாடத் தொடங்குகிறார். முனகலின் காரணத்தைக் கேட்டவர்களுக்கு, சுருதியைப் பிடித்துக்கொள்ளத்தான் என்று அவர் எளிமையாக விளக்கினார்.

தேர்ந்த பாடகர் இதைக் கேட்போருக்குத் தெரியாமல் செய்வார். சாஸ்திரிய இசைக் கலைஞர் மேடைக்கு வந்ததும் சுருதி சேர்ப்பார், ஆனால் கீர்த்தனையின் அனுபல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நிறுத்தி ஷட்ஜத்தைத் தேடமாட்டார். ஒலிக்கூடத்தில் அந்த முனகலை நீக்கிப் பாடச் சொல்லியிருக்கலாம். சன் கூடத்தின் வழக்கம் அப்படியல்ல. உயிர் இருக்கும் பதிவில் பிழை இருந்தாலும் சாம் பிலிப்ஸ் அதையே தேர்ந்தெடுப்பவர். இம்முறை பிழை என்று சொல்லத்தக்க ஒன்று பாடலின் மையமாகிவிட்டது.

முனகல் என்ன செய்கிறது? பாடுபவன் அடுத்த வாக்கியத்தைச் சொல்லும் முன் தன் நிலத்தைத் தேடுகிறான் என்பதைக் கேட்கச் செய்கிறது. ஒருமுறை கிடைத்த சுருதி அடுத்த சரணத்துக்குச் செல்லாது. மீண்டும் தேட வேண்டும். மன உறுதி என்பது ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளும் பொருள் என்று சொற்கள் பேசுகின்றன. இரவுக்கு இரவு, ஊருக்கு ஊர் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று முனகல் சொல்கிறது. இரண்டாவது சரணத்தில் உண்மையாக இருப்பது எளிது என்ற பொருளில் பாடும் இடத்தைக் கவனித்தால் இது விளங்கும். எளிதென்றால் அதற்கு முன்னால் அந்தத் தேடல் ஏன்?

இப்பாடலைப் பொய்ச்சத்தியம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கேஷின் பிற்கால வாழ்க்கை அவர்களுக்குச் சான்று. ஆனால் அவர்கள் வரிகளை மட்டுமே வாசிக்கிறார்கள். தன்மீது முழு நம்பிக்கை உள்ளவன் இப்படி ஒரு பாடலை இசையமைத்திருக்கமாட்டான். காவல் தேவைப்படும் மனம் என்று முதல் வரியே ஒப்புக்கொள்கிறது. இசை அந்த ஒப்புதலை ஐந்து முறை சொல்கிறது.

கடைசிச் சரணம்

ஐந்தாவது சரணத்தின் சொற்கள் முதல் சரணத்தின் சொற்களே. சுருதியும் முதல் சுருதியே. ஆனால் குரல் ஒரு ஸ்தாயி முழுவதும் கீழே இறங்கி மந்திர ஸ்தாயியில் பாடுகிறது. அதற்கு முந்தைய முனகல் ஏறத்தாழ ஓர் அதிர்வு மட்டுமே. கேஷுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. குரல் அந்த ஆழத்தில் வலுவாக இல்லை. சொற்களின் விளிம்புகள் கரைகின்றன. இந்தச் சரணத்தில் விளையாட்டுத்தனமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'எவ்வளவு கீழே போகிறேன் பார்' என்ற இளைஞனின் பெருமிதம் அதில் கேட்கிறது. சிறுவர்கள் தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு இதைப் பாவனை செய்து சிரிப்பது அதனால்தான்.

ஆனால் வேடிக்கை அடங்கியபின் எஞ்சுவது வேறு. முதலில் சொன்ன அதே சத்தியத்தை, பயணம் போய்த் திரும்பி வந்து மீண்டும் சொல்கிறான். இம்முறை ஊருக்குக் கேட்கும் குரலில் சொல்லவில்லை. ஆழ்ந்த உறுதி என்று கேட்பவர் அதை அப்படிக் கேட்கலாம். குரல் தீர்ந்துபோகும் எல்லையில் நிற்கிறான் என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் பாடல் இடம் தருகிறது.

பிற வடிவங்கள்

1964-ல் கொலம்பியா நிறுவனத்துக்காக கேஷ் இதை மறுபடியும் பதிவு செய்தார். சான் குவென்டின் சிறையில் நடந்த நிகழ்ச்சியின் 1969-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பிலும் பாடல் உண்டு. அதற்குள் லூதர் பெர்கின்ஸ் இறந்துவிட்டார். டிரம்ஸ் வாசிப்பாளர் ஹாலண்ட் குழுவில் சேர்ந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கைதிகள் ஆரவாரத்துடன் வரவேற்கும் அந்தப் பதிவில் வேகமும் மேடை நம்பிக்கையும் மிகுதி. ஆனால் காகிதம் தந்த 'சிக்' ஒலியின் இடத்தை உண்மையான டிரம் எடுத்துக்கொண்டபின், அடக்கி வைக்கப்பட்ட தன்மை போய்விடுகிறது. 1956-ஆம் ஆண்டுப் பதிவுக்கு இணையான இன்னொன்றை கேஷாலேயே தர முடியவில்லை.

மதிப்பீடு

1966-ல் விவியன் விவாகரத்துக்கு மனுச் செய்தார். பிரிவுக்குக் காரணங்களாக மாத்திரைப் பழக்கம், நீண்ட பயணங்கள், பாடகி ஜூன் கார்ட்டருடனான உறவு ஆகியவை குறிப்பிடப்படுகின்றன. மார்ச் 1968-ல் கேஷ் ஜூனை மணந்தார். 2005-ல் ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கத்தில் கேஷின் வாழ்க்கையை ஒட்டி வந்த திரைப்படத்துக்கு 'வாக் த லைன்' என்று பெயர் வைக்கப்பட்டது. அது கேஷ்-ஜூன் காதல் கதை. விவியனுக்காக எழுதப்பட்ட பாடலின் தலைப்பு, விவியனைத் தடையாகக் காட்டும் படத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு விவியன் இறந்தார். அவருடைய நினைவுநூல் 2007-ல் வெளிவந்தது. நூலின் தலைப்பு 'ஐ வாக்ட் த லைன்'. கணவரின் பாடல் தலைப்பில் ஒரே ஒரு மாற்றம்: நிகழ்காலம் இறந்தகாலமானது. கோடு தாண்டாமல் நடந்தது யார் என்பதை அது சொல்லிவிடுகிறது. பாடலைப் பற்றிய மிகக் கூர்மையான விமர்சனமும் அதுவே.

பாப் டிலன் தன் நினைவுநூலில் இப்பாடலை உயர்வாகக் குறிப்பிட்டிருக்கிறார். கண்ட்ரி இசை வரலாற்றாளர்கள் இதன் தாளத்தையும் எளிமையையும் பேசுவார்கள். சுருதி மாற்றமும் முனகலும் பெரும்பாலும் சுவையான தகவல்களாகவே நின்றுவிடுகின்றன. அவற்றை அப்படிக் கேட்டால், பாடல் முறிந்த வாக்குறுதியின் நினைவுச்சின்னமாக மட்டுமே எஞ்சும்.

கேஷ்-விவியன் தம்பதிக்கு நான்கு மகள்கள். வீட்டில் இல்லாத தந்தையின் குரலாக வானொலியில் இப்பாடல் ஒலித்த காலத்தில் வளர்ந்தவர்கள். மூத்தவரான ரோசேன் பின்னர் தானும் பாடகியாகி, தந்தை, ஜூன், தாய் மூவரும் அடுத்தடுத்து மறைந்தபின் 2006-ல் 'பிளாக் கேடிலாக்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். தந்தையைப் பற்றிய திரைப்படத்தைப் பார்ப்பது வேதனையாக இருந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மெம்பிஸில் இப்பாடல் பதிவானபோது ரோசேனுக்கு ஒரு வயது நிறையவில்லை. சொல் தெரியாத அந்த வயதில் ஒரு குழந்தை இந்தத் தட்டிலிருந்து கேட்டிருக்கக்கூடியது, தந்தை ஒவ்வொரு முறையும் பாடுவதற்கு முன் தன் சுரத்தைத் தேடும் ஒலியைத்தான்.